சிரிக்கும் இடத்தில் துப்பு இருக்கிறது: நகைச்சுவைக் கலைஞர் எழுதிய குற்றக்கதையைப் படிக்கத் தொடங்குபவருக்கு

மேடையில் நின்று ஊரைச் சிரிக்கவைத்த ஒருவர் கொலைக் கதை எழுதியிருக்கிறார் என்றால், கேட்பவருக்கு உடனே ஒரு தயக்கம் வரும். கொலையில் சிரிக்க என்ன இருக்கிறது? சிரிப்பு மூட்டுகிறவருக்குத் துப்பறியும் கதையைக் கட்டத் தெரியுமா? கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவர்களிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. குற்றக்கதை என்றால் இருட்டு, ரத்தம், கடைசி அத்தியாயத்தில் கைவிலங்கு என்று பழகியிருக்கிறோம். அதில் நகைச்சுவை என்றால் நடுவில் வந்து போகும் காமெடி டிராக் என்றுதான் எண்ணுவோம்.

உண்மையில் இரண்டு கலைகளும் மிக நெருங்கிய உறவு. நல்ல ஜோக்கும் நல்ல துப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் இந்த வகை நாவலைப் படிக்கும் சுகமே வேறு. அதனால் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் குற்றக்கதை. ஒரு குற்றம் நடக்கிறது. யார் செய்தது, எப்படி, எதற்காக என்பது மறைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தேவையான துப்புகளைக் கதாசிரியர் வழி நெடுகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். போடாமல் ஒளித்துவைத்துவிட்டு, கடைசியில் யாரோ ஒரு புது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் வாசகருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. துப்பறிபவர் கண்ணில் பட்ட துப்பு வாசகர் கண்ணிலும் படவேண்டும் என்பது இன்னொன்று. விதி போட்ட இதே மனிதர் 1926-ல் வானொலியில், லண்டனில் கலகம் வெடித்துவிட்டது போல ஒரு கேலி நிகழ்ச்சியை ஒலிபரப்பி, அதை உண்மை என்று நம்பிய நேயர்களைக் கதிகலங்கவைத்தவர். குற்றக்கதைக்கு நேர்மை இலக்கணம் எழுதியவரே ஒரு நகைச்சுவைக்காரர் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

அடுத்தது ஜோக். ஜோக்கில் முதலில் ஒரு சூழ்நிலையைக் கட்டுகிறார்கள். மேடைக் கலைஞர்கள் இதைச் செட்டப் என்கிறார்கள். கேட்பவர் மனம் ஒரு திசையில் போகத் தொடங்குகிறது. கடைசி வரியில் அந்தத் திசை தவறு என்று தெரிகிறது. அதுதான் பஞ்ச். சிரிப்பு வருவது அந்தத் திருப்பத்தில். ஆனால் திருப்பம் சும்மா வந்தால் சிரிப்பு வராது. முதல் வரியைத் திரும்ப எண்ணிப் பார்த்தால், அட, இது அங்கேயே இருந்ததே என்று தோன்றவேண்டும்.

இப்போது குற்றக்கதையின் கடைசி அத்தியாயத்தை எண்ணிப் பாருங்கள். வாசகர் ஒரு ஆளைச் சந்தேகித்துக்கொண்டே வருகிறார். திடீரென்று திசை மாறுகிறது. பின்னால் போய்ப் பார்த்தால் எல்லாம் அங்கேயே இருக்கிறது. பஞ்ச் வருவதற்கு ஜோக்கில் அரை நிமிடம், நாவலில் முந்நூறு பக்கம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம்

உதாரணத்துக்கு நானே ஒரு கதை கட்டுகிறேன். குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். சம்பா அறுவடை முடிந்து தை மாதத்தில் கல்யாணம். பெண் வீட்டில் நாலு தலைமுறையாக இருக்கும் காசுமாலை, முகூர்த்தத்துக்கும் முதல் பந்திக்கும் நடுவில் பீரோவிலிருந்து காணாமல் போகிறது. பூட்டு உடைக்கப்படவில்லை. பீரோச் சாவி எப்போதும் அரிசிப் பானைக்குள் கிடக்கும், அது பெண்ணின் அம்மாவுக்கும் சித்திக்கும் மட்டும்தான் தெரியும். சந்தேகப்பட ஆட்கள் நிறைய. கடன் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையின் தம்பி, சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பரிசாரகர், முதல் நாள் ராத்திரி வந்து இறங்கிய பட்டணத்து உறவு.

இந்த வீட்டில் ஒரு பெரியப்பா இருக்கிறார். காது சுத்தமாகக் கேட்காது. இரண்டாம் அத்தியாயத்தில் தவில்காரர் அவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறார். பெரியப்பா சாய்வு நாற்காலியில் அசையாமல் தூங்குகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பெண்ணின் அம்மாவும் சித்தியும் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் பெரியப்பா. சித்தி தயங்கும்போது, “அவர் காதுல எங்கடி விழப்போவுது, நீ சொல்லு” என்கிறார் அம்மா. நாலாம் அத்தியாயத்தில் பரிசாரகர் கொல்லை வாசல் பக்கம் வந்து ஒரு பையனிடம் மெல்லிய குரலில், “தம்பி, இலை போட்டாச்சு” என்கிறார். பையன் திரும்புவதற்குள் பெரியப்பா முதல் இலையில் உட்கார்ந்திருக்கிறார். “பெரியப்பாவுக்குக் காதுதான் கேக்காது, பந்தி மட்டும் நல்லாக் கேக்கும்!” என்று யாரோ சொல்ல, கூடமே சிரிக்கிறது. படிக்கும் நாமும் சிரிக்கிறோம். நம் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் இப்படி ஒரு பெரியப்பா உண்டு.

இருபதாம் அத்தியாயத்தில் காசுமாலை பெரியப்பாவின் பெட்டியில் கிடைக்கிறது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வருஷக்கணக்காக அவர் முன்னால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசியிருக்கிறார்கள், அரிசிப் பானை உட்பட.

இங்கே கதாசிரியர் செய்ததை நிதானமாகப் பாருங்கள். பெரியப்பாவுக்குக் காது கேட்கிறது என்பதுதான் கதையின் மிகப்பெரிய ரகசியம். அதை அவர் ஒளிக்கவே இல்லை. நாலாம் அத்தியாயத்தில் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஜோக்காகச் சொன்னார். மெல்லிய குரலில் சொன்னது காது கேட்காதவருக்கு எப்படிக் கேட்டது என்ற கேள்வி அந்த இடத்தில் நமக்கு எழுந்திருக்க வேண்டும். எழவும் செய்தது, அதனால்தான் சிரித்தோம். ஆனால் சிரித்த உடனே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது போல மனம் அடங்கிவிட்டது. சாப்பாட்டு ஆசைக்காரர், அவ்வளவுதான் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

நகைச்சுவைக் குற்றக்கதையின் மொத்தக் கருத்தும் இதற்குள் அடங்குகிறது. சிரிப்பு, கேள்வியை மூடிவிடும். கூட்டத்தை எங்கே பார்க்கவைப்பது, எந்த நொடியில் சிரிக்கவைத்து எதை மறக்கவைப்பது என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய நகைச்சுவைக் கலைஞருக்கு இது கைவந்த வித்தை.

இன்னொன்றும் இதே உதாரணத்தில் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நாம் ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறோம். காது மந்தம், வயசாகிவிட்டது, சாப்பாட்டு ராமன் என்று முத்திரை குத்திவிட்ட ஆள் நம் சந்தேகப் பட்டியலில் வருவதில்லை. கதாசிரியர் நம் அலட்சியத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார். கடைசியில் ஏமாந்தது நம் புத்தியைவிட நம் இளக்காரம் என்று தெரியும்போது கொஞ்சம் உறைக்கும். நல்ல நாவல் என்றால் உறைக்கத்தான் வேண்டும்.

மேடையிலிருந்து நாவலுக்கு வந்தவர்கள்

இங்கிலாந்தில் இது கடந்த சில ஆண்டுகளில் பெரிய அலையாகவே வந்திருக்கிறது. அங்கே தொலைக்காட்சியில் வினாடி-வினா, நகைச்சுவை நிகழ்ச்சிகளைத் தயாரித்தும் தொகுத்தும் பேர் வாங்கிய ரிச்சர்ட் ஆஸ்மன், 2020-ல் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ என்ற நாவலை வெளியிட்டார். கென்ட் மாவட்டத்தில் முதியோர் வாழும் ஒரு குடியிருப்பு. அங்கே எலிசபெத், ஜாய்ஸ், இப்ராஹிம், ரான் என்ற நாலு பேர் வியாழக்கிழமைதோறும் கூடி, போலீஸ் தீர்க்காமல் விட்ட பழைய வழக்குகளை அலசுகிறார்கள். அப்புறம் நிஜமாகவே ஒரு கொலை அவர்கள் வாசலுக்கு வருகிறது. தன் அம்மா வசிக்கும் முதியோர் குடியிருப்பைப் பார்த்ததில்தான் ஆஸ்மனுக்கு இந்தக் கரு கிடைத்தது. 2025-ல் இது படமாகவும் வந்தது.

நம் பெரியப்பா கதையைத் தலைகீழாகத் திருப்பினால் இந்த நாவல் கிடைக்கும். அங்கே வயதானவரை யாரும் குற்றவாளியாக எண்ணவில்லை. இங்கே வயதானவர்களைத் துப்பறிபவர்களாக யாரும் எண்ணுவதில்லை. ஒரு பாட்டி கேக் டப்பாவோடு காவல் அதிகாரி முன்னால் வந்து உட்கார்ந்தால் யார் உஷாராக இருப்பார்கள்? உலகம் தங்களை அலட்சியமாகப் பார்க்கிறது என்று அந்த நாலு பேருக்கும் தெரியும். அதையே ஆயுதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜாய்ஸ் தன் நாட்குறிப்பில் கொலையைப் பற்றியும் அன்றாடச் சமாசாரங்களைப் பற்றியும் ஒரே தொனியில் எழுதிக்கொண்டு போவாள். வெகுளியான பேச்சு என்று தோன்றும். அந்த வெகுளிப் பேச்சைத்தான் கவனமாகப் படிக்கவேண்டும்.

பாப் மார்ட்டிமர் இன்னொரு வகை. அவர் நகைச்சுவைக்கு வருவதற்கு முன் வழக்கறிஞராக வேலை பார்த்தவர். 2022-ல் வந்த அவருடைய முதல் நாவல் ‘தி சட்சுமா காம்ப்ளெக்ஸ்’. லண்டனில் சின்ன சட்ட அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் கேரி, மதுக்கடையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவள் பேர்கூடத் தெரியாது. அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் பேர் மட்டும் தெரியும். அன்றைக்கு உடன் இருந்த தெரிந்தவர் ஒருவர் காணாமல் போகிறார். கேரி பாதையில் ஒரு அணிலோடு பேசுவான், அணிலின் பதிலையும் அவனே சொல்லிக்கொள்வான். பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் தனியாக வாழும் ஒருவன் மனசு எப்படி ஓடும் என்பதை நாலு பக்க வர்ணனை செய்யமுடியாத அளவுக்கு அந்த அணில் சொல்லிவிடுகிறது. நகைச்சுவைப் புனைகதைக்காக, ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் பெயரில் இங்கிலாந்தில் கொடுக்கும் பரிசு 2023-ல் இந்த நாவலுக்குக் கிடைத்தது. வெற்றி பெற்ற நாவலின் பேரை ஒரு பன்றிக்குச் சூட்டுவது அந்தப் பரிசின் வழக்கம்.

மார்க் பில்லிங்காமும் மேடையில் நின்று தனியாகச் சிரிக்கவைத்தவர்தான். 2001-ல் தொடங்கி அவர் எழுதிய டாம் தோர்ன் என்ற துப்பறிவாளர் வரிசை இருண்ட கதைகள். ஆனால் முதல் வரியிலேயே ஆளைப் பிடித்துவிட வேண்டும், வெளிப்படுத்தவேண்டியதைச் சரியான நொடி வரை அடக்கிவைக்க வேண்டும் என்ற மேடைப் பாடம் அவற்றில் நன்றாகத் தெரியும். 2023-ல் அவரே நகைச்சுவை தூக்கலான புது வரிசை ஒன்றைத் தொடங்கினார். ஆக, மேடைப் பயிற்சி வெறும் சிரிப்புக்கு மட்டும் பயன்படுவதில்லை.

மேடையில் பழகிய இரண்டு உத்திகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும், படிக்கும்போது கண் தானாகத் திறந்துகொள்ளும்.

முதலாவது, மூன்று சொல்லி மூன்றாவதில் சிரிக்கவைப்பது. “அவர் மஞ்சப்பையில் திருநீற்று மடல், திருச்சி போய்வந்த பஸ் டிக்கெட், மாப்பிள்ளை வீட்டுக்கென்று வைத்திருந்த லட்டு பதினொன்று இருந்தன.” படிக்கிறவர் லட்டில் சிரித்துவிடுவார். பஸ் டிக்கெட் நழுவிப் போய்விடும். ஊரைவிட்டு நகரவே இல்லை என்று இதே ஆள் போன அத்தியாயத்தில் சத்தியம் செய்திருந்தால், வழக்கு அந்த இரண்டாவது பொருளில் இருக்கிறது. பட்டியலின் நடுவில் துப்பை வைப்பது துப்பறியும் எழுத்தாளர்களுக்கு முன்பே தெரிந்த தந்திரம். நகைச்சுவைக் கலைஞர் கூடுதலாக, மூன்றாவதை ஜோக்காக வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார். பட்டியல் வந்தால் நடுவில் இருப்பதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, கால்பேக். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் சொன்ன ஒரு ஜோக்கைக் கலைஞர் முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு இடத்தில் திடீரென்று எடுத்து வைப்பார். அரங்கமே அதிரும். நாற்றங்காலில் விட்ட விதையைப் பறித்து வயலில் நடுவது போன்ற வேலை இது. முதல் தடவை வந்தபோது அது வெறும் ஜோக். இரண்டாம் தடவை வரும்போது அதற்கு வேறு அர்த்தம் முளைத்திருக்கும். ஒரு கதாபாத்திரத்தின் அசட்டுப் பழக்கத்தைப் பற்றி ஒரே ஜோக் மூன்றாம் முறையும் வந்தால், கதாசிரியர் சும்மா அதைச் செய்யவில்லை. எதையோ நடுகிறார்.

நம் மண்ணில் இது புதிதில்லை

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். தமிழில் துப்பறியும் கதை தொடங்கிய காலத்திலேயே காவிரிக் கரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மன்னார்குடிக்குப் பக்கத்து வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்கார் எழுதிக் குவித்தவை ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டன. அவருடைய ‘கும்பகோணம் வக்கீல்’ கதையில் துப்பறியும் திகம்பர சாமியார் 1950-ல் திரைக்கும் வந்தார், எம்.என். நம்பியார் நடிப்பில்.

நகைச்சுவையும் துப்பும் உண்மையாகக் கலந்தது தேவனிடம். திருவிடைமருதூரில் 1913-ல் பிறந்த மகாதேவன், கும்பகோணம் கல்லூரியில் படித்து, ஆனந்த விகடனில் சேர்ந்து, தேவன் என்ற பேரில் எழுதினார். 1942-ல் விகடனில் வரத் தொடங்கிய ‘துப்பறியும் சாம்பு’வை அறியாத பழைய வாசகர் இல்லை. பாங்கு குமாஸ்தா, அசடு என்று பேர் எடுத்தவர். அவர் தடுக்கி விழுந்தால் திருடன் மாட்டுவான். உளறினால் அது ரகசியத்தை உடைக்கும். ஊர் அவரை மேதை என்று கொண்டாடும், இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்பட.

சாம்புவைப் படிக்கும் முறை வேறு. அங்கே நாம் துப்பைக் கூட்டிக் கழித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஆடுவதில்லை. அசட்டுத்தனம் எந்த வழியாகச் சுற்றி வந்து வெற்றியாக மாறப்போகிறது என்று காத்திருப்பதுதான் அங்கே சுகம். அதாவது, துப்பறிபவரே ஜோக். ஆஸ்மன் வகையில் துப்பறிபவர்கள் புத்திசாலிகள், அவர்களைச் சுற்றி இருக்கும் உலகம் சிரிப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், சாம்புவில் துப்பு தேடி ஏமாறவும் மாட்டோம், ஆஸ்மனில் வெறும் சிரிப்பை எதிர்பார்த்து துப்பைத் தவறவிடவும் மாட்டோம்.

மூன்றாவது வகை ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவிடம் இருக்கிறது. வக்கீல் கணேஷ் யோசிப்பார், அவருடைய ஜூனியர் வசந்த் ஜோக் அடிப்பார். கூட இருப்பவர் சிரிக்கவைத்துக்கொண்டிருக்க, முன்னால் நிற்பவர் முடிச்சை அவிழ்க்கிறார். வசந்த் எப்போதும் சொல்லத் தொடங்கும், ஒருநாளும் சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை வாசகர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிப்படுத்தாமல் அடக்கிவைப்பதற்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா ஜோடியும் சீண்டலும் கிண்டலுமாகத்தான் துப்பறிவார்கள். சுசீலாவின் பனியனில் எழுதியிருக்கும் வாசகங்களுக்கென்றே படித்தவர்கள் உண்டு.

நம் கூத்திலும் நாடகத்திலும் கோமாளி சும்மா வந்து போகிறவர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் முதலில் மேடைக்கு வருபவர் கோணங்கி. அவர் வந்து ஆடிக் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிய பிறகுதான் கதை தொடங்கும். கூட்டத்தின் கவனத்தைக் கையில் எடுக்கும் வேலையைச் சிரிக்கவைப்பவரிடம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம், சாவை வைத்துச் சிரிக்கலாமா என்பது. நம் ஊர் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஒப்பாரி ஓய்ந்த பிறகு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனவரின் வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். கண் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல நகைச்சுவைக் குற்றக்கதையும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆஸ்மன் நாவலில் அந்த நாலு பேரைச் சுற்றிலும் நோய், மறதி, இழப்பு. எலிசபெத்தின் கணவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே வந்து இப்படி ஒரு பக்கத்தில் நின்றுவிடும்போது, சோகக் கதை என்று அறிவித்துவிட்டு வந்த கதையைவிட நமக்கு அதிகம் வலிக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிரிப்பு யார் மேல் விழுகிறது? செத்துக் கிடப்பவர் மேலும், அவருக்காக அழுகிறவர் மேலும் விழுந்தால் அந்தப் புத்தகத்தை மூடிவைப்பதில் தப்பே இல்லை. பணத்திமிர், பதவிப் பவிசு, நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, இவற்றின் மேல் விழவேண்டும். பெரியப்பா கதையில்கூட முதலில் அவர் காதைப் பார்த்துச் சிரித்தோம். முடிவில் அந்தச் சிரிப்பு நம் மேலேயே திரும்பியது. அப்படித் திருப்பத் தெரியாதவர் எழுதினால் அது வெறும் கேலிதான்.

எப்படிப் படிப்பது

முதல் வாசிப்பில் எதையும் தேடாதீர்கள். வேகமாகப் படியுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள், ஏமாறுங்கள். ஏமாறுவதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம். ஆனால் வாய்விட்டுச் சிரித்த பக்கங்களில் ஒரு துண்டுத்தாளைச் செருகிவிடுங்கள். நூலகப் புத்தகம் என்றால் பேனாவால் கோடு போடவேண்டாம். 1931-லேயே மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன சீமை இது, இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழியும் இங்கேதான். அடுத்தவர் சிரிக்கவேண்டிய இடத்தை நாம் காட்டிக்கொடுக்கக் கூடாது.

குற்றவாளி தெரிந்த பிறகு, முதலிலிருந்து படிக்க நேரமில்லாவிட்டாலும் தாள் செருகிய பக்கங்களை மட்டுமாவது புரட்டுங்கள். ஒவ்வொரு ஜோக்கிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த ஜோக் இல்லாமல் இதே செய்தியை நேராகச் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால், அந்த இடத்தில் கதாசிரியர் வேலை செய்திருக்கிறார். எல்லா ஜோக்கிலும் துப்பு இருக்காது. சில சும்மா சிரிக்கத்தான். சில, துப்பு இருப்பதுபோல் காட்டித் திசைதிருப்பத்தான். அவையும் வேண்டும், இல்லாவிட்டால் ஜோக் வந்தாலே வாசகர் உஷாராகிவிடுவார்.

இந்த வகையில் எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். மோசமான நாவலைச் சீக்கிரம் அடையாளம் காணலாம். எல்லாக் கதாபாத்திரமும் ஒரே குரலில் ஜோக் அடித்தால் அது நாவல் ஆகவில்லை, ஒரே கலைஞர் பல சட்டை மாற்றி மேடையில் நிற்கிறார் என்று பொருள். போலீஸ்காரருக்கு ஒரு விதமாகவும் பாட்டிக்கு வேறு விதமாகவும் சிரிப்பு வரவேண்டும். இன்னொரு குறை, கொலைக்குக் கனமே இல்லாமல் போவது. யாரோ செத்தார், அடுத்த ஜோக் என்று ஓடினால், யார் கொன்றார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் ஓடிவிடும். முதல் நூறு பக்கத்துக்குள் செத்தவரைப் பற்றி ஒரு பக்கமாவது உங்கள் மனசைத் தொடவில்லை என்றால் வேறு புத்தகம் எடுக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: முதலில் சாம்பு கதைகள் நாலைந்து. தனித்தனிக் கதைகள் என்பதால் ஒரு மத்தியான நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் கணேஷ், வசந்த் வரும் சின்ன நாவல் ஒன்று. பிறகு ஆஸ்மனின் முதல் நாவல். அவருடைய ஆங்கிலம் எளியது, அத்தியாயங்கள் குட்டி குட்டியானவை, பள்ளி ஆங்கிலம் தெரிந்தவர் அகராதியை அதிகம் தொடாமல் போய்விடலாம். மார்ட்டிமரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நகைச்சுவை கிறுக்குத்தனமானது, லண்டன் தெருப் பேச்சு கொஞ்சம் பழகவேண்டும்.

ஆங்கிலத்தில் ஜோக் பிடிபடவில்லை என்று தோன்றினால் ஒலிப்புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். மேடைக்காரர்கள் காதுக்கு எழுதுகிறவர்கள், எந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தவேண்டும் என்பது கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் புரியும். ஆஸ்மனின் முதல் நாவலை லெஸ்லி மான்வில் என்ற நடிகை வாசித்திருக்கிறார். மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்து முதல் சில அத்தியாயங்களைக் கேட்டுவிட்டால், ஜாய்ஸின் குரல் காதில் பதிந்துவிடும். மிச்சத்தை அச்சுப் புத்தகத்தில் அந்தக் குரலிலேயே படித்துக்கொள்ளலாம்.